திரும்பி வருவோன் கோட்பாடு: புறநகர் உணவக இயலுக்கு ஒரு முன்னுரை

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டி அடுக்ககம் விற்பவர்கள் அச்சடிக்கும் வழவழப்பான வண்ணத்தாளைத் தனியோர் இலக்கிய வகைமையாகவே கொள்ள வேண்டும். விமான நிலையம் இத்தனை நிமிடம், கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அத்தனை நிமிடம், பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், மருத்துவமனை அதைவிடக் கிட்டம் என்று எல்லாத் தொலைவையும் அளந்து எழுதும் அந்த ஆசிரியர்கள், நல்ல சாம்பார் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. 1985 முதல் வண்டலூரில் இருக்கும் உயிரியல் பூங்காவைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஆக, சிங்கத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு என்பது வீடு வாங்குமுன்பே உறுதியாகிவிடுகிறது. வாங்கியவரின் நிலை குடியேறிய பிறகுதான் தெரியவரும். இந்த வெற்றிடத்தை ஓரளவேனும் நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் தாம்பரத்துக்குத் தெற்கே விரிகிறது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று செங்கல்பட்டு மின்சார ரயில் நிற்கும் வரிசையே அதன் எல்லை. நெடுஞ்சாலையும் தண்டவாளமும் இங்கே ஒன்றையொன்று விடாமல் பக்கத்திலேயே ஓடுகின்றன. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும். சிங்கப்பெருமாள்கோவிலில் பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். கோயில் பிரசாதத்தை இந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை; பெருமாளோடு எந்த மாஸ்டரும் போட்டி போட முடியாது. மறைமலைநகரோ துணைநகரமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டு, மறைமலை அடிகளின் பெயர் சூட்டப்பட்ட ஊர். அடிகள் சைவர், தனித்தமிழர். அந்த ஊரில் ‘சிக்கன் ஷவர்மா’ என்ற பலகையின் முன்னால் நிற்கும்போது, அவருடைய இரண்டு கொள்கைகளையும் இரண்டே சொல்லில் மீறிவிட்ட சிக்கனம் ஆய்வாளரை வியக்கவைக்கிறது.

இனி முறையியல். சைவ சித்தாந்த அளவையியல், அறிவு பெறும் வழிகளைப் பலவாக விரித்துப் பேசிவிட்டுக் கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கும். பதி, பசு, பாசம் அறிய வைத்த கருவியைப் பரோட்டா அறியப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் அறிவுடைமையும் ஒன்று. அளவையியல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பயன்படுத்தலாம்.

காண்டலில் தொடங்குவோம். ‘கூட்டம் இருக்கிற கடை நல்ல கடை’ என்பது பாமரர் துணிபு. கூட்டம் பல காரணங்களால் கூடும். வெள்ளிக்கிழமை இரவு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் கூட்டம் அங்கே பேருந்து நின்றதால் வந்தது. வேறொரு கடையில் கூட்டம் தெரிவதற்குக் காரணம், சப்ளையர் ஒருவரே பத்து மேசைக்கும் ஓடுவதால் யாரும் சாப்பிட்டு முடித்து எழவில்லை என்பது. சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் காண்டலில் சேர்க்கலாம். அது இருப்பது நல்லது. ஆனால் 14 இலக்கத்தில் ஒன்றுகூடச் சட்னியைப் பற்றிப் பேசாது.

உரையளவை என்பது ஆப்தர் மொழி, அதாவது நம்பத்தக்கவர் சொல். புறநகரில் ஆப்தர் யார்? வீட்டுத் தரகர் இல்லை. ‘ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷ நடை சார்’ என்று சொன்ன வாய் அது. செயலியில் மின்னும் நட்சத்திரங்களும் இல்லை. அவற்றை இட்டவர் யார், எந்த ஊர் நாக்கு, எவ்வளவு பசியில் இருந்தார் என்பது தெரியாது. தவிர, டப்பாவில் அடைபட்டுக் குண்டும் குழியுமாகப் பயணம் செய்து வந்த தோசைக்கு ஒருவர் மதிப்பெண் போடும்போது, அவர் பாதி மதிப்பெண்ணைச் சாலைக்குத்தான் போடுகிறார்.

ஆப்தரைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ‘இங்கே நல்ல ஹோட்டல் எது?’ என்று கேளுங்கள். சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் அவர் ஆப்தர் இல்லை. கூடுவாஞ்சேரி நிலையத்தடியில் ஓர் ஆட்டோக்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “எப்போ சார்? காலைலயா, நைட்டா? பார்சலா, உக்காந்து சாப்பிடவா?” விவரம் சொன்ன பிறகு தீர்ப்பு வந்தது: “பொங்கல்னா ஒம்போது மணிக்குள்ள கேட்டாண்ட போயிருங்க. அங்கேயே தோசை சாப்பிடாதீங்க, தோசைக்கு வேற கடை. மத்தியானம் மட்டும் எங்கயும் போகாதீங்க. வீட்லயே சாப்பிடுங்க சார்.” வேளை, பண்டம், விலக்கு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் வகுத்த அந்த உரைக்கு இணையான ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகங்களில் அரிது. நல்ல கடை என்ற ஒன்று இல்லை. நல்ல கடைவேளைதான் உண்டு என்பது இதிலிருந்து பெறப்படும்.

கருதலுக்கு நம் தருக்க நூல்கள் காலங்காலமாகத் தரும் எடுத்துக்காட்டு, மலையில் புகை கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. உணவக ஆய்வுக்கென்றே அமைந்த எடுத்துக்காட்டு என்று முதலில் மகிழ்ந்தோம். ஆனால் 19 கிலோ வணிக சிலிண்டர் வந்தபிறகு அடுக்களையில் புகை அற்றுப்போனது. இன்று புகை வந்தால், ‘விறகடுப்பு பிரியாணி’ என்ற விளம்பரத்துக்காக வாசலில் வைத்த ஒற்றை அடுப்பிலிருந்து வரும். அல்லது மாஸ்டர் சூடான கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்குகிறார் என்று பொருள். எனவே புகையை விட்டுவிட்டு வேறு ஏது தேட வேண்டியதாயிற்று.

அந்த ஏதுவை ஒரே கேள்வியில் வைக்கலாம்: இங்கே இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், நாளைக்கும் இதே கடைக்கு வந்தாக வேண்டியவரா?

இதுவே திரும்பி வருவோன் கோட்பாடு. நெடுஞ்சாலைக் கடையில் சாப்பிடுபவர் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ போகிறார். இட்லி கல்லாக இருந்தால் சபித்துவிட்டுப் பேருந்தில் ஏறுவார். அந்தச் சாபம் விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். கல்லாவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அடுத்த பேருந்து வந்துகொண்டிருக்கிறது. தண்டவாளத்துப் பக்கம் உள்ளடங்கிய கடையின் நிலை வேறு. அங்கே ஏழு மணிக்குப் பொங்கல் சாப்பிடுபவர் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலைப் பிடிக்கிறார். இரவு அதே ரயிலில் வந்து இறங்குகிறார். மறுநாள் காலையிலும் வருவார். பொங்கலில் மிளகு குறைந்தால் கல்லாவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே கேட்பார்: “என்னண்ணே, மிளகு விலை ஏறிப்போச்சா?” இந்தக் கேள்விக்கு அஞ்சி வாழும் கடைக்காரரே நல்ல கடைக்காரர். சமையல் திறமையைவிட வெட்கமே சுவைக்கு உத்தரவாதம் என்பது எங்கள் துணிபு.

கோட்பாட்டின்படி, வீடு மாறியவர் முதலில் செய்ய வேண்டியது நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டுவது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டதும் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு இங்கே வந்தன. ஊருக்குப் போக வசதிதான், மறுக்கவில்லை. உணவக இயல் நோக்கில் பார்த்தால், திரும்பி வராதோர் பெருந்திரளாக ஊரப்பாக்கத்தின் வாசலில் வந்து இறங்கினர். அவர்களை நம்பித் திறந்த கடைகளின் விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம். சாப்பிட வேண்டுமென்றால் இரண்டு தெரு உள்ளே போக வேண்டும்.

திரும்பி வருவோரை அடையாளம் காண்பது எப்படி? கைகளைப் பாருங்கள். தூக்குச் சட்டி இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடக்கம். சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை விளைந்தது என்பதைத் துறை சார்ந்தோர் சொல்லட்டும். எங்கள் துறைக்கு அது கொடுத்த வரம், மூலையில் கிடந்த தூக்குச் சட்டி மறுபடி தெருவுக்கு வந்தது. தூக்கோடு வருபவர் நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறார். சாம்பார் தீர்ந்துபோகும் நேரம் அவருக்குத் தெரியும். ஊற்றுகிற கரண்டி அடிமட்டம் வரை போகிறதா, மேலாக்கில் மேய்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பார். காலை எட்டு மணிக்கு ஒரு கடை வாசலில் தூக்குகள் வரிசை கட்டினால், மேற்கொண்டு ஆய்வு தேவையில்லை. பாட்டிகள் கொண்டுவரும் தூக்குக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. பேரனை அனுப்பாமல் பாட்டியே வருகிறார் என்றால் அங்கே வடை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

துணை ஏதுக்களும் உள்ளன. கடை ஆட்கள் காலைக் கூட்டம் ஓய்ந்தபின் அதே சாம்பாரில்தான் சாப்பிடுகிறார்களா, தங்களுக்கென்று தனியாக ஏதோ தாளிக்கிறார்களா? ‘மாஸ்டர் தேவை’ என்ற அட்டை கண்ணாடியில் தொங்குகிறதா? தொங்கினால், அது இறங்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். புறநகர்க் கடைகளின் பிணி அதுதான். வாழைமரம், சீரியல் விளக்கு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று திறப்பு விழா தடபுடலாக நடக்கும். முன்பணம் வாங்கிய மாஸ்டர் பக்கத்து ஊரில் கூடுதல் முன்பணம் கிடைத்ததும் போய்விடுவார். சால்னா அவர் கையோடு போய்விடும். முதலாளி தாமே கல்லில் நிற்பார். அந்த வாரத்து முட்டைதோசைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம்.

பெயர்ப்பலகைகளைப் பற்றித் தனி விதி ஒன்று வகுத்திருக்கிறோம்: கடையின் பெயரில் வரும் ஊர், கடையிலிருந்து எவ்வளவு தொலைவோ, அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதப்படும். செங்கல்பட்டைக் கடந்து திண்டிவனம் நோக்கிப் போனால் கும்பகோணம் டிகிரி காபி பித்தளை டம்ளரில் வழியெங்கும் கிடைக்கும். கும்பகோணமோ செங்கல்பட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல், ஆம்பூர், நெல்லை, செட்டிநாடு எல்லாம் ஊரப்பாக்கத்தின் ஒரே தெருவில் அண்டை வீட்டுக்காரர்கள். தொலைவூர்ப் பெயரெல்லாம் போலி என்று சொல்ல வரவில்லை. முனியாண்டி விலாஸ்களின் வேர் மதுரை மாவட்டம் கள்ளிக்குடி அருகே வடக்கம்பட்டியில் இருக்கிறது; கடை நடத்துபவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி முனியாண்டி கோயிலில் பிரியாணியையே பிரசாதமாக வழங்குகிறார்கள். குலதெய்வத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடைக்காரரும் ஒருவகையில் திரும்பி வருவோரே. ஆனால் கூடுவாஞ்சேரியில் யாரும் ‘கூடுவாஞ்சேரி மெஸ்’ என்று பலகை வைப்பதில்லை. அந்தப் பெயரில் மதுரையில் கடை திறந்தால் ஓடுமோ என்னவோ.

கோட்பாடு இடறும் இடம் பொத்தேரி. அங்கே பல்கலைக்கழகத்து மாணவர்கள் நாள்தோறும் திரும்பி வருகிறார்கள். எங்கள் கணக்குப்படி ரயிலடித் தெருக்கள் சுவையில் மிதக்க வேண்டும். மிதக்கத்தான் செய்கின்றன, அவர்களுடைய நாக்குக்கு. ஆந்திரத்துப் பருப்புப்பொடியும் நெய்யும் அங்கே நன்றாக இருக்கும். நள்ளிரவில் ஃப்ரைடு ரைஸ் கிடைக்கும். கல்தோசையும் வடகறியும் தேடுகிறவர் ரயிலேறி ஒரு நிலையம் தள்ளித்தான் போக வேண்டும். ஆகவே ‘திரும்பி வருவோன்’ என்பதற்கு முன்னால் ‘உன் நாக்கை ஒத்த’ என்ற அடையைச் சேர்த்துக்கொள்கிறோம். விடுமுறை விட்டால் இந்தத் தெருக்கள் அடங்கிவிடும் என்பதையும் புதிதாகக் குடிவருவோர் நினைவில் கொள்க. மே மாதத்தில் வீடு பார்க்க வந்து, ‘அமைதியான ஏரியா’ என்று முன்பணம் கொடுத்தவர்களுக்கு எங்கள் அனுதாபங்கள்.

கடைசியாக நெறிமுறை சார்ந்த ஒரு சிக்கல். நல்ல கடையின் பெயரை ஆய்வாளர் வெளியிடலாமா? வெளியிட்டால், கையில் கேமராவோடு ஒருவர் வருவார். அவர் பின்னால் அண்ணா நகரிலிருந்து கார்கள் வரும். காரில் வந்தவர்கள் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வராதோர் எண்ணிக்கை கூடிய மாதத்தில் சாம்பாரில் தண்ணீரும் கூடும். எனவே எங்கள் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பான கடையின் பெயரைத் தர இயலாது. ரயில்வே கேட் அருகில் என்று ஏற்கெனவே வாய்தவறிவிட்டது. எந்த கேட், அதற்கு எந்தப் பக்கம் என்பவை ஆய்வாளரிடமே இருக்கும்.

பெயரை மறைப்பது எளிதாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தக் கடைக்குப் பெயரே இல்லை. இப்போது அதற்கும் ஆபத்து. கடைக்காரருக்குச் சொந்த ஊர் மதுராந்தகம். எல்.இ.டி. பலகைக்குச் சொல்லியிருப்பதாகச் சென்ற வாரம் பூரிப்போடு தெரிவித்தார். “முழு ஊர்ப் பேரும் போர்டுல பிடிக்காதுன்னுட்டாங்க சார். அதான் மதுரையோட நிறுத்திக்கச் சொல்லிட்டேன்.”