முதல் வகுப்பு மாணவர்

சென்னையின் எந்தப் பேட்டையிலும் இப்படி ஒருவர் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உட்கார்ந்தே செய்கிற உத்தியோகம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகி வந்த அன்று இவருடைய தேகப்பயிற்சி வாழ்க்கை தொடங்குகிறது. மற்றவர்கள் புத்தாண்டில் ‘தினமும் நடப்பேன்’, ‘இனிப்பைத் தொடமாட்டேன்’ என்று தீர்மானம் போட்டுவிட்டுப் பதினைந்தே நாளில் சர்க்கரைப் பொங்கலிடம் தோற்றுப்போகிறார்கள். நம்மவர் விவரமானவர். தோற்க முடியாத தீர்மானமாகப் பார்த்து எடுக்கிறார்: இந்த ஆண்டுக்குள் வட்டாரத்தில் இருக்கிற உடற்பயிற்சி மாஸ்டர்கள் அத்தனை பேரிடமும் ஒரு வகுப்பாவது போய்ப் பார்த்துவிடுவது. மொட்டை மாடியில் யோகா சொல்லித்தரும் டீச்சர், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜும்பா நடத்தும் பெண், மாநகராட்சி மைதானத்தின் ஓரத்தில் சிலம்பம் கற்றுத்தரும் ஆசான், பெசன்ட் நகர் மணலில் பத்துப் பேரைத் தவளைப் பாய்ச்சல் பாயவைக்கும் கோச் என்று பட்டியல் தயாராகிறது. வட்டாரம் என்பது முதலில் அடையாறு மட்டும்தான். ஆண்டு பாதி கடப்பதற்குள் அது அண்ணா நகர் டவர் பார்க் வரை விரிந்துவிடுகிறது.

இவருடைய முதல் நாளைப் பார்க்க வேண்டும். ஐந்தரை மணி வகுப்புக்கு ஐந்தேகாலுக்கே ஆள் ஆஜர். உடம்பில் ஏதோ ஒரு மாரத்தானின் பெயர் போட்ட பனியன். கக்கத்தில் புத்தம் புது யோகா மேட். ‘இதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணியிருக்கீங்களா சார்?’ என்று தன் மகனைவிடச் சற்றே மூத்த மாஸ்டர் கேட்டால், ‘எல்லாமே பண்ணியிருக்கேன் மாஸ்டர்’ என்பார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. களரி, கிக் பாக்சிங், கெட்டில்பெல், பிலாடெஸ் எல்லாமே பண்ணியிருக்கிறார், தலைக்கு முக்கால் மணி நேரம். வகுப்பில் முன்வரிசையில் நிற்பார். தண்டால் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுவார். முடிந்ததும் மாஸ்டரோடு ஒரு செல்ஃபி. பிறகு வருகிறது அந்தக் கட்டம். பஜ்ஜி சொஜ்ஜியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று எழுந்துபோகும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல, ‘வீட்ல கலந்துட்டுச் சொல்றேன் மாஸ்டர்’ என்று செருப்பை மாட்டுகிறார். லெட்டர் வராது. ஆனால் அந்த பேட்சின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகமாட்டார். ‘நாளை வகுப்பு இல்லை’ என்று எந்த மாஸ்டர் அறிவித்தாலும் முதலில் கட்டைவிரல் உயர்த்துவது இவர்தான்.

அக்கம்பக்கத்தில் இவரைச் சோம்பேறி என்கிறார்கள். இது அநியாயம். எந்தச் சோம்பேறி மார்கழிக் குளிரில் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, முன்பின் தெரியாத மொட்டை மாடியைத் தேடிப் போவான்? ஆளிடம் குறை காண எனக்கு மனமில்லை. கோளாறெல்லாம் இலக்கை அளக்கிற கோலில்தான். இவர் கணக்கில் புது மாஸ்டருக்கு ஒரு புள்ளி. போன இடத்துக்கே மறுபடி போனால் புள்ளி ஏறாது. ஆகவே இரண்டாம் வகுப்பு என்பது இவரைப் பொறுத்தவரை வெட்டிச் செலவு. ஒரு விடியற்காலை நஷ்டம். தொடங்குவதற்கு மட்டுமே மதிப்பெண் தரும் ஒரு தேர்வைத் தானே தயாரித்து, தானே எழுதி, தானே திருத்தி, ஆண்டுதோறும் முதலிடம் பெறுகிறார். தொடங்குவதில் இருக்கிற சுகம் இவருடைய கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஹெங்சென் தாய், கேட்டி மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், பிறந்தநாளை அடுத்த நாட்கள் ஆகியவற்றில் ஜிம்முக்கு வருவோர் கூடுவதைக் காட்டினார்கள். பழைய தோல்விகளையெல்லாம் பழைய கணக்கில் தள்ளிவிட்டுப் புது ஏடு திறக்கிற உற்சாகம் அது. நமக்கெல்லாம் அந்த உற்சாகம் ஜனவரி 1, தமிழ்ப் புத்தாண்டு, பிறந்தநாள் என்று தவணையில் கிடைக்கிறது. நம்மவர் மாஸ்டரை மாற்றி மாற்றி வாராவாரம் அதை உற்பத்தி செய்துகொள்கிறார்.

இந்த உற்சாகத்தில் உடம்புக்குப் பங்கு கிடைப்பதில்லை என்பதுதான் சங்கடம். பழகாத பயிற்சி செய்தால் மறுநாள் வலிக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். பஸ்கி போடும்போது மெல்லக் கீழே இறங்குகிறோமே, அந்த மாதிரி தசை நீண்டபடியே பாரம் தாங்கும் அசைவுகள்தான் இதற்கு முக்கியக் காரணம். ‘லாக்டிக் ஆசிட் சார், நாளைக்குச் சரியாயிடும்’ என்று பல மாஸ்டர்கள் சொல்வது பழைய விளக்கம். அந்த அமிலம் வகுப்பு முடிந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் வழக்கமான அளவுக்கு வந்துவிடுகிறது. உடம்பிடம் ஒரு பெருந்தன்மை உண்டு. அதே பயிற்சியை ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி செய்தால் வலி முன்னைவிட நன்றாகக் குறைந்திருக்கும். முதல் முறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். ஆனால் இந்தச் சலுகை அதே தசைக்கும் அதே மாதிரி அசைவுக்கும்தான். சிலம்பத்தில் தோள்பட்டையைக் கொடுத்தவர் அடுத்த வாரம் ஜும்பாவில் கெண்டைக்காலைக் கொடுக்கிறார், அதற்கடுத்த வாரம் பிலாடெஸில் அடிவயிற்றை. உடற்பயிற்சியின் வலியை முழு விலைக்கு வாங்கிவிட்டு, அதோடு இலவசமாகத் தரும் பலனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறவர் ஊரில் இவர் ஒருவர்தான். திங்களன்று அலுவலக நாற்காலியில் ‘அம்மா’ என்று உட்காரும்போது உடன் வேலை செய்கிறவர்கள் ‘சார் ரொம்ப சீரியஸா பண்றார்’ என்கிறார்கள். ஓர் ஆண்டு பண்ணியவர் யாரும் அப்படி உட்காரமாட்டார் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பழக்கம் என்ற ஒன்றும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு சொன்னது. நடுவில் ஒரு நாள் தவறினால் பாதகமில்லை என்ற ஆறுதலான செய்தியும் அதில் உண்டு. நம்மவர் அந்த ஒரு நாள் தவிர மற்ற எல்லா நாளும் தவறுகிறார்.

அதற்குப் பதிலாக இவருக்குப் படிவது ஞானம். ஜும்பாவை உருவாக்கிய பேட்டோ பெரெஸ், 1990-களில் கொலம்பியாவின் காலி நகரத்தில் ஏரோபிக்ஸ் வகுப்புக்குரிய பாட்டு கேசட்டை மறந்துபோய், கையிலிருந்த சல்சா பாட்டைப் போட்டுச் சமாளித்த கதையை இவர் சொல்லிக் கேட்க வேண்டும். பி.கே.எஸ். அய்யங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குரு கிருஷ்ணமாச்சார்யா என்பதும், அவர் பெயரில் 1976-இல் சென்னையில் யோக மந்திரம் தொடங்கியவர் அவர் மகன் தேசிகாச்சார் என்பதும் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதை, ஆசானே மறந்தாலும் இவர் நினைவுபடுத்துவார். சூரிய நமஸ்காரத்தில் எட்டாவது நிலைக்குப் பிறகு எந்தக் காலை முன்னே வைப்பது என்பது மட்டும் பக்கத்து மேட்டைப் பார்த்தால்தான் தெரியும். வீட்டிலும் வரலாறு சேர்ந்திருக்கிறது. குத்துச்சண்டைக் கையுறை பரணில். சிலம்பக் கம்பு பால்கனியில். உயரக் கொடியில் துணி போட அதைவிட வாகான சாமான் இல்லை என்று வீட்டம்மா சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

‘சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் இல்லையா?’ என்று இவர் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். மேல்தான். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42. அந்தப் பாதியோடு ஒப்பிட்டால் நம்மவர் மகாத்மா. கொஞ்சமாவது அசைவது அசையாமல் இருப்பதைவிட நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் அதே நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் வேண்டும் என்கிறது. டிரையல் கிளாஸ் ஒன்று சுமார் 45 நிமிடம்; அதிலும் முதல் 10 நிமிடம் அறிமுகம், கடைசி 5 நிமிடம் செல்ஃபி. மிச்சம் அரை மணி. பிறகு மூன்று நாள் வலி, மூன்று நாள் ‘எப்படி இருந்தது’ என்ற ஆராய்ச்சி, ஏழாம் நாள் அடுத்த மாஸ்டருக்கு போன்.

பணத்தை வைத்துப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வது இவ்வளவு சுலபமல்ல. ‘வருடச் சந்தா கட்டிவிட்டு வராமல் போகிற கூட்டத்தைவிட, பார்த்துவிட்டுக் கட்டாமல் போகிறவன் புத்திசாலி அல்லவா?’ இதற்குச் சான்று அவர்கள் பக்கம் பலமாக இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிஞ்யா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களை மூன்றாண்டுக் காலத்துக்கு ஆராய்ந்து 2006-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே ‘ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது’ என்ற பொருளில்தான் இருக்கிறது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே இடத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலரோடு போயிருக்கும். சந்தாதாரருக்குப் பணமும் போகிறது, உடம்பும் தேறவில்லை. நம்மவருக்குப் பணமாவது மிச்சம். இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்த மிச்சத்தில் ஒரு பகுதி மாஸ்டருடைய பாக்கெட்டிலிருந்து வந்தது. மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, இருபது பேர் பேட்சை ஓட்டுகிறவர், புதிதாக வந்தவருக்காக மூச்சை எப்போது இழுப்பது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார். மற்ற பத்தொன்பது பேரும் பிளாங்கில் நடுங்கிக்கொண்டிருக்க, இவருடைய முட்டிக்குத் தனியாக மாற்று அசைவு சொல்லித்தருகிறார். அந்த அக்கறை ஒரு மாதச் சந்தாவை நம்பிச் செய்த முதலீடு.

‘நல்ல ஆசிரியர் அமைகிற வரை தேடத்தானே வேண்டும்?’ என்பது இன்னொரு வாதம். தேட வேண்டும். முட்டியைப் பார்த்துச் சொல்லித்தருகிறவருக்கும் பாட்டுச் சத்தத்தை மட்டும் கூட்டுகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு நாள் போதாது. முதல் நாளில் எல்லா மாஸ்டரும் தங்கமானவர்கள். தூக்கம் கலையாமல் நாம் போய் நிற்கும் ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு வாரம், இரண்டு மாதமாகியும் எடை இறங்காத எரிச்சல் ஆகியவற்றின்போது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வாத்தியார் தெரிவார். தேடுகிறவர் என்றால் இரண்டு பேரை ஒதுக்கி மூன்றாமவரிடம் ஆறு வாரம் நிற்பார். நம்மவருக்கு மூன்றாமவரை ரொம்பவே பிடித்துவிட்டது. நாலாவதாக ஒருவர் இருப்பதுதான் பிரச்சினை.

புதுமை விரும்புவதே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. நியூயார்க்கில் பாயல் கடாகியா தொடங்கிய நிறுவனம், ஒரே மாதத்தில் வெவ்வேறு இடங்களில் பத்து வகுப்புகளை முயன்று பார்க்கும் சீட்டு ஒன்றை விற்றது. பிடித்த இடத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்பது எண்ணம். வாங்கியவர்களோ வேறு மின்னஞ்சல் முகவரியில் புது ஆளாக வந்து அதே சீட்டை மறுபடி வாங்கினார்கள். இந்த ஜாதிக்குக் கடல் தடையில்லை போலிருக்கிறது. அவர்களைத் திருத்த முடியாது என்று புரிந்ததும் அதையே மாதச் சந்தாவாக்கி, 2013-இல் கிளாஸ்பாஸ் பிறந்தது. அங்கே இடம் மாறினாலும் வாரத்தில் பல நாள் வகுப்புக்குப் போக முடிகிறது. உடம்புக்கு அது போதும். நம்மவரும் வாரத்துக்கு மூன்று புது மாஸ்டர் என்று போனால் நான் வாயை மூடிக்கொள்வேன், சென்னையில் மாஸ்டர்கள் தீர்ந்துபோகிற வரை.

இத்தனைக்கும் பிறகும் இவரை ஊர் இழக்க முடியாது. நாலு வருடமாக ஒரே யோகா வகுப்புக்குப் போகும் பெண்மணியிடம் ‘எப்படிங்க இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு, வாங்க’ என்பதற்கு மேல் பதில் கிடைக்காது. அவருக்கு ஒப்பிட்டுச் சொல்ல வேறொன்று தெரியாது. நம்மவரைக் கேட்டால் எந்த மாஸ்டர் நேரத்துக்கு வருவார், எந்த மாடியில் காற்று வரும், எங்கே மாமியாரை நம்பி அனுப்பலாம், எங்கே அனுப்பக் கூடாது என்று பிரித்துவைப்பார். இவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்களில் சிலர் இன்னமும் போகிறார்கள். மாஸ்டர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் சேராத இவருக்கு ஆடித் தள்ளுபடிச் செய்தி தவறாமல் வருகிறது. அவர்களுக்கு ஒரு யோசனை: இலவச டிரையலையும் வருடச் சந்தாவையும் எடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் பத்து வகுப்புச் சீட்டு ஒன்று போடலாம். நம்மவர் முதல் ஆளாக வந்து வாங்குவார். வாங்கும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்: ‘இந்தப் பத்தையும் உங்ககிட்டயேதான் வரணுமா மாஸ்டர், இல்ல பத்து எடத்துல பிரிச்சு வெச்சுக்கலாமா?’