சலுகை நாட்களின் தன்மையும் பயன்பாடும்: புதுக்குடியிருப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

தவணைத் திகதிக்கும் தண்டப்பணம் விழும் திகதிக்கும் நடுவே கிடக்கும் நாலைந்து நாட்களை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாதது வருத்தத்துக்குரியது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

வீட்டுக் கடனோ, உழவு இயந்திர லீசிங்கோ, தவணை பத்தாந் திகதி, சலுகை பதினைந்து வரை என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்குத் தவணை நாள் பத்து, புதுக்குடியிருப்பாருக்குப் பதினைந்து. பத்தாந் திகதியே காசோடு வந்து நிற்பவரை வரிசையில் உள்ளவர்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஒன்றில் ஆளுக்குக் கனடாவில் இருந்து காசு வந்திருக்கவேண்டும், அல்லது ஆள் ஊருக்குப் புதுசு.

இது சோம்பல் என்பாருக்குச் சட்டமே பதில் சொல்லும். இங்கிலாந்தின் 1882 ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டம் தவணைக்குப் பிறகு மூன்று சலுகை நாட்கள் கொடுத்ததோடு, மூன்றாம் நாளே பணம் செலுத்தவேண்டிய நாள் என்றும் எழுதிவைத்தது. நம்மவர் கொள்கையும் அதுதான். ஆனால் அந்த மூன்றாம் நாள் ஞாயிறானால் முந்திய வேலைநாளிலேயே கட்டிவிட வேண்டுமாம். ஞாயிறு வந்தால் தவணை தானாகத் திங்களுக்குத் தள்ளிப்போகும் என்ற நமது நம்பிக்கைக்கு இது நேர் எதிரானது. 1971 இல் அந்தச் சலுகையையே இங்கிலாந்து ஒழித்துவிட்டது. அவர்களுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் இல்லை.

சிக்கலின் வேர் அங்கேதான். தவணை மாதா மாதம் வரும். காலபோக நெல்லோ மாசி பங்குனியில் ஒரேயொரு தரம்தான் காசாகும். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் வரும் ஒற்றிக்கு இந்தத் தலையிடி இல்லை. காசு கொடுத்தவர் வட்டிக்குப் பதில் நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். பத்தாந் திகதி என்ற பேச்சே கிடையாது. இன்றைய விவசாயிக்கு மிஞ்சியிருப்பது மனைவியின் காப்பு. ஒரு வங்கியில் அதை அடகு வைத்து மற்ற வங்கியின் கட்டுக்காசைப் பதினைந்தாந் திகதி மூன்று மணிக்குள் கட்டுவதை இத்துறையின் உச்ச நுட்பமாக நான் கருதுகிறேன்.

பெருஞ்சலுகை என்றொரு வகையும் உண்டு. அதைப் பாராளுமன்றம் கொடுக்கும். நீதிமன்றம் ஏறாமலே வங்கி ஈட்டுச் சொத்தை ஏலம்விட இலங்கையின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுக்கிறது. அந்தப் பராட்டே அதிகாரத்தை 2024 இல் சில காலம் நிறுத்திவைத்தார்கள். பெருங்கடன்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். காப்பு அடகுக்கு அந்தக் காற்று வீசவில்லை.

எந்த வகையிலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது. விடுதலைப் புலிகள் 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் வன்னிச் சனம் நகை அடகு வைத்தது. 2009 இல் போர் முடிந்தபோது வைப்பகம் இல்லாமல் போனது. நகை படையினரின் கைக்குப் போனது. 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 மே மாதத்தில் இராணுவம் தன்னிடமிருந்த பொன்னைப் பொலிசாரிடம் ஒப்படைத்தது. இங்கே மீட்க வருபவர் தயார், அடகுத் துண்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. காசை வாங்கத்தான் ஆளில்லை. இது யாருக்கு யார் கொடுத்த சலுகைக் காலம், தாமதக் கட்டணத்தை யாரிடம் அறவிடுவது என்பதை அடுத்துவரும் ஆய்வாளர் தீர்க்கட்டும். தீர்ந்ததும் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும்; அவ கேட்டுக்கொண்டே இருக்கிறா.