குப்பைக்கும் ஒரு மண்டகப்படி

வாங்கப்பு, உக்காருங்க. தெருவைச் சுத்தம் பண்ணச் சங்கம் ஆரம்பிக்கப் போறீங்களாமே? பேனர் அடிச்சாச்சா? அடிக்காமயா இருப்பீங்க! சங்கம் கலைஞ்ச மறுநாள் அதையும் சேத்து அள்ளணும், கணக்குல வச்சுக்கங்க.

நம்ம தல்லாகுளத்துல ஒத்துமை இல்லைன்னு எவன் சொன்னான்? ராத்திரி ஒரு மகராசி டிரான்ஸ்பார்மர் அடியில ஒத்தக் கேரிப்பையை வச்சிட்டுப் போனாப் போதும், விடியறதுக்குள்ள தெருவே வந்து பக்கத்துல வச்சுருது. கூட்டம் போடலை, தீர்மானம் போடலை, வசூலும் இல்லை. இம்புட்டு ஒத்துமை எந்தக் கட்சிக்கு வாய்க்கும்?

வாசலை மட்டும் கோலம் போட்டுக் கண்ணாடியாட்டம் வச்சிருப்போம். பெருக்குனது எங்கிட்டுப் போச்சு? எதுத்த வீட்டுப் பக்கம். அவுக திருப்பி இங்கிட்டுத் தள்ளுவாக. கேட்டா, மாநகராட்சி ஆபீசே நம்ம ஏரியாவுலதான இருக்கு, அண்ணா மாளிகையில உக்காந்திருக்கவுக பாத்துக்கிடுவாகன்னு பதிலு. நல்ல வசதிதான், நடந்து போயே குறை சொல்லிட்டு வந்துரலாம்.

சும்மா சொல்லக்கூடாது, ஊருக்குப் பேரும் வாங்கிக் குடுத்தாச்சு. 2024-25 தூய்மைக் கணக்கெடுப்புல, 10 லட்சத்துக்கு மேல சனம் இருக்க 40 ஊர்ல மதுரைக்கு 40-ஆவது இடம். இதே ஊர்லதான், நாட்டுல பத்து இடத்தைப் பொறுக்கிப் பளபளன்னு வைக்கணும்னு 2016-ல முடிவெடுத்தப்ப மீனாட்சியம்மன் கோயிலையும் சேத்தாக. ஆத்தா வாசல்ல பயபக்தியா நடக்குறோம். ஆத்துப் பாலம் தாண்டி இங்கிட்டு வந்தா பயமும் போயிருது, பக்தியும் போயிருது.

தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் வாசுதேவன், பிளாஸ்டிக் குப்பையைச் சூடான ஜல்லியில பூசித் தாரோட கலந்தா ரோடு நல்லா நிக்கும்னு செஞ்சு காட்டுனாரு. 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாக. நம்ம ஆளுக அதுல பாதியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாய்ங்க: பிளாஸ்டிக்கை ரோட்டுல போடணும்!

2019 ஜனவரி 1-ல இருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு. 2021 கடைசியில ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு அரசாங்கமே சொல்லிருச்சு. ஒரு காலத்துல மஞ்சப்பையோட பஸ்ஸை விட்டு இறங்குனா பட்டிக்காட்டான்னு சிரிச்ச பயலுக இப்ப அதையே தோள்ல மாட்டிக்கிட்டு செல்பி எடுக்குறாய்ங்க. எடுக்கட்டும்.

சரி, விசயத்துக்கு வாறேன். சித்திரையில மூணுமாவடியில எதிர்சேவை முடிஞ்சு, அழகர் ராத்திரி நம்ம பெருமாள் கோயில்ல தங்கி, ஆண்டாள் மாலையைச் சூடிக்கிட்டு ஆத்துக்குப் போறாரு. அவரு போன பின்னாடி தெருவைப் பாத்திருக்கீங்களா? தொன்னை, தண்ணி பாக்கெட், பேப்பர் கப்பு. நாம கண்குளிர அழகரைப் பாத்துட்டு வந்து தூங்குறோம். தூய்மைப் பணியாளுக கண்ணு முழிச்சு நம்ம எச்சியைக் கூட்டுறாக. அதுலயும் பிளேடைச் சோத்தோட கட்டிப் போட்டிருப்போம், கையைக் கிழிக்கட்டும்னு. குப்பையைப் பிரிச்சுக் குடுங்கன்னு 2016-லயே விதி போட்டுட்டாக. மாமியா மருமக தனித்தனி ஒலை வைக்கத் தெரிஞ்ச வீட்டுக்கு, மக்குறதையும் மக்காததையும் தனித்தனியா வைக்கத் தெரியாதாக்கும்?

அதனால ஒரு ரோசனை. டெங்கு வரும், வைகை நாறும்னு நோட்டீஸ் அடிக்காதீங்க, வடையில எண்ணெய் ஒத்தத்தான் ஆகும். நம்ம ஊர்க்காரனுக்கு உசுரை விட மரியாதை பெருசு. தாத்தன் காலத்து மண்டகப்படியில சாமி ஒரு நிமிசம் நிக்காமப் போகட்டும், என்ன ஆகுதுன்னு பாருங்க! அதைப் பிடிங்க. தன் மண்டகப்படிப் பந்தல்ல இருந்து அடுத்த பந்தல் வரைக்கும், விடியறதுக்குள்ள எவன் துடைச்சு வைக்கிறானோ, மறுவருசம் அவனுக்குத்தான் பரிவட்டம்னு பேச்சைக் கிளப்புங்க. போட்டி போட்டு அள்ளுவாய்ங்க. அடுத்தவன் குப்பையைத் திருடிக்கூட அள்ளுவாய்ங்க!

மத்த நாளைக்கும் தெருவாரியா அதேதான். மாசத்துக்கு ஒரு தெருவுக்கு மாலை. மாலை வாங்காத தெருப் பொம்பளைக அன்னைக்கு ஆம்பளைகளுக்குச் சோறு போட மாட்டாக, பாருங்க.

ஒண்ணு இப்பவே சொல்லிப்புட்டேன். மொதப் பரிவட்டம் பெருமாள் கோயில் தெருவுக்குத்தான். சாமி தங்குறது இங்கதான? செல்லூர்க்காரய்ங்களோ புதூர்க்காரய்ங்களோ பங்குக்கு வந்தா, வெளக்கமாத்தோட வரச் சொல்லுங்க. வெறுங்கையோட வந்தா பேச்சே வச்சுக்கிடாதீங்க.