பந்தியும் பத்திரிகையும்

எண்பதுகளில் கொல்லிமலைச் செம்மேட்டுக்குப் பத்திரிகை பஸ்ஸில்தான் வரும். காரவல்லியில் ஏற ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வண்டி வந்து நிற்பதற்குள் வெயில் ஏறிவிடும். கண்டக்டர் கட்டை இறக்கிப் போட்டதும் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் பிரித்து உரக்கப் படிப்பார். மிளகு மூட்டையோடு கீழே இறங்கக் காத்திருப்பவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். எங்கள் கடைக்கு வந்தது தினமணி.

இன்று அதே செம்மேட்டில் பொழுது விடியும் முன்பே செய்தி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்கிறோம். யாரும் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை.

அந்தத் தினமணிக்கு முன்கதை ஒன்று உண்டு என்பதும், அதில் எங்கள் மலையடிவாரத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதும் பெஞ்சில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு, 1887-ல் ராசிபுரத்தில் பிறந்தவர். ராசிபுரம் என்றால் இன்றைக்கு நெய்யும் ஜவ்வரிசியும் நினைவுக்கு வரும். படித்தவர்களுக்கு ஆர்.கே. நாராயணின் முதல் எழுத்து அந்த ஊர்தான் என்பது தெரிந்திருக்கும். நாயுடுவின் பெயரைச் சொன்னால் "யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது வருத்தம்.

நாட்டு வைத்தியம் பார்த்தவர் அவர். கைராசிக்காரர் என்று பேர் எடுத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். அரசியலுக்கு வந்தார். 1918-ல் மதுரையில் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசியதற்கு ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். அவருக்காக வாதாடப் போனவர் சேலத்து வக்கீல் ராஜாஜி. பிறகு சேலத்திலிருந்தே 'தமிழ்நாடு' என்ற பத்திரிகையை நாயுடு நடத்தினார். 1910-ம் ஆண்டு அச்சுச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. அரசாங்கம் நினைத்தால் ஜாமீன் தொகை கேட்கலாம், கட்டிய தொகையைப் பறிமுதல் செய்யலாம். எழுதியதற்காகவே அவர் சிறைக்கும் போனார்.

நான் அவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு. சேரன்மாதேவி.

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் அந்த ஊரில் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணமும் அதற்குப் போயிருந்தது. பெற்றோர் வற்புறுத்தியதால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். இரண்டே பிள்ளைகள்தானே, இதற்கா இத்தனை பேச்சு என்று அன்றைக்கே பெரியவர்கள் பலர் கேட்டார்கள். நாயுடு விடவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கண்ணெதிரே தனிப்பந்தியில் உட்காரக் கூடாது என்று 'தமிழ்நாடு' இதழில் தொடர்ந்து எழுதினார். பெரியாரும் அதே பக்கம் நின்றார். விவகாரம் காந்தி வரைக்கும் போயிற்று. ஐயர் சாதி பார்த்து வாழ்ந்தவர் அல்ல. 1925 ஜூனில் பாபநாசத்தில் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரையே விட்டவர். அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனாலும் பந்தி விஷயத்தில் நான் நாயுடு கட்சி.

நான் மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன். மணி அடித்ததும் அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். யார் தட்டு என்று தெரிய அடியில் ஆணியால் பெயரைக் கீறி வைத்திருப்போம். வளப்பூர் நாட்டுப் பையன், சேலூர் நாட்டுப் பையன், கீழிருந்து வேலைக்கு வந்த ஆசிரியரின் மகன் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே சட்டுவம். குழம்பு தண்ணியாக இருக்கிறது என்று முணுமுணுத்தோமே தவிர, பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி எங்களுக்கு வந்ததே இல்லை. அந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னால் யாரோ கேட்டு, பகை சம்பாதித்து, எழுதித் தீர்த்திருக்கிறார்கள்.

1932 செப்டம்பர் 5-ல் சென்னையில் நாயுடு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். பணமுடை. கொஞ்ச காலத்திலேயே அது பத்திரிகையாளர் எஸ். சதானந்த் கைக்குப் போய், பின்னர் தொழிலதிபர் கோயங்காவின் பெயரோடு நிலைத்துவிட்டது. 1934-ல் அதே நிறுவனத்திலிருந்து தினமணி பிறந்தது. முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் ஏற்கெனவே நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் வேலை பார்த்தவர். எழுபது வளைவு ஏறி எங்கள் டீக்கடைக்கு வந்த தாள் இந்த வழியாகத்தான் வந்தது.

நாயுடு பிறகு இந்து மகாசபைக்குப் போனார், காங்கிரசுக்குத் திரும்பினார். அந்த நடுக்காலத்தில் எனக்கு ஒட்டுதல் இல்லை. 1952-ல் சேலம் நகரத்திலிருந்து சட்டமன்றத்துக்கு வந்த நாயுடுவை மட்டும் சொல்லியாக வேண்டும். முதலமைச்சர் ராஜாஜி 1953-ல் ஆரம்பப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். காங்கிரசுக்குள்ளேயே அதை எதிர்த்து எம்.எல்.ஏ.க்களைத் திரட்டியவர்களில் முன்னால் நின்றவர், அன்றைக்கு மதுரை வழக்கில் ராஜாஜி யாருக்காக வாதாடினாரோ அதே நாயுடு. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. என் அப்பா சாமை விதைத்தவர். மலையில் மழைக்காலம் முழுக்கக் காட்டில் ஆள் வேண்டும். அரை நாள் பள்ளி என்றிருந்தால் நான் எந்த அரை நாளில் படித்திருப்பேன் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாயுடு 1957-ல் காலமானார்.

போன மாதம் நான் படித்த பழைய பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நாயுடுவின் கதையைச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அந்தப் பேப்பரை நாங்க பாக்கலாமா சார்?" என்றாள். சென்னையில் பழைய இதழ்கள் வைத்திருக்கும் நூலகங்களில் 'தமிழ்நாடு' இதழைத் தேடி, கிடைக்கிற பக்கங்களை நகல் எடுத்து வந்து பள்ளி நூலகத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆடி பதினெட்டும் எங்கள் மலையின் ஓரி விழாவும் முடிந்ததும் கிளம்புகிறேன்.