சுவர் உரித்த சமாசாரம்

சாஸ்கடூன், கனடா.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும் கமலாவும் குழந்தைகளும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் அக்காளும் க்ஷேமமாக இருக்கிறீர்கள் என்பதைத் தங்கள் கடிதத்தின் நீளத்திலிருந்தே அறிந்துகொண்டேன். தேகத்தில் தெம்பு குறைந்தவர்களுக்குப் பிறர் வீட்டுச் சுவரைப் பற்றி நாலு பக்கம் கோபித்துக்கொள்ள இயலாது. ‘குடியிருக்கும் வீட்டின் வெளித்தோலை உரித்து, நாலங்குலப் பஞ்சை அப்பி, மறுபடியும் மூடுகிறாயாமே, பணம் மிஞ்சிவிட்டதா, புத்தி குறைந்துவிட்டதா?’ என்று தாங்கள் கேட்டிருப்பது, பொதுப்பணித் துறையில் ஆயுசின் பெரும்பகுதியைச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மத்தியில் கழித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் பஞ்சு என்று தாங்கள் எழுதியிருப்பது பாறை என்பதையும், முதலில் உரிக்கத் தொடங்கியது நானல்ல, ஆகாயம் என்பதையும் சற்று விஸ்தாரமாக விண்ணப்பித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

இந்தச் சமவெளியில் கோடை என்பது மிகவும் சொற்பம். அந்தச் சொற்ப காலத்திலும் பிற்பகலில் மேற்கே மேகம் கறுத்து, ஆலங்கட்டி மழை பெய்து, கோதுமை வயலையும் காரின் கூரையையும் வித்தியாசம் பாராட்டாமல் அடித்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் வீட்டின் வெளிப்புறத்தை மூடியிருந்தது வினைல் என்ற பிளாஸ்டிக் சைடிங். வருஷக்கணக்கில் வெயிலிலும் குளிரிலும் கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்த அந்தத் தகடுகளை, இந்த ஜூலை மாத மழை மேற்கிலும் வடக்கிலும் சல்லடையாக்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கனவான் ஏணியில் ஏறி, ஒவ்வொரு துளையையும் சாக்கட்டியால் வட்டமிட்டு, கீழே இறங்கி, மேற்குக்கும் வடக்குக்கும் பணம் உண்டு, கிழக்கும் தெற்கும் அடிபடவில்லையாதலால் அவற்றுக்கு இல்லை என்று தர்மசாஸ்திரம் விளக்குகிறவருடைய நிதானத்தோடு தெரிவித்தார். பழைய நிறத்துத் தகடு இப்போது எங்குமே செய்யப்படுவதில்லை என்று நான் எடுத்துச் சொன்னபோது மிகவும் அநுதாபப்பட்டார். அநுதாபத்துக்குப் பாலிஸியில் உச்சவரம்பு கிடையாது போலும். இரண்டு பக்கம் ஒரு நிறமும் இரண்டு பக்கம் வேறு நிறமுமாக நிற்கும் வீட்டில் தன்னால் குடித்தனம் நடத்த முடியாது என்று கமலா தீர்மானித்துவிடவே, நான்கு சுவர்களையும் உரிப்பது என்று முடிவாயிற்று.

செய்தி எப்படியோ பரவி, சைடிங் விற்கும் வாலிபர் ஒருவர் மாதிரிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அவருடைய தகட்டின் முதுகில் வெள்ளை ஃபோம் ஒட்டியிருந்தது. அதை அடித்துவிட்டால் குளிர் எங்கள் தெருவுக்கே வராது என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசினார். குளிரைத் தடுக்கும் சக்தியை இந்நாட்டில் ஆர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் பெரிதானால் தடுப்பும் பெரிது. தகட்டின் ஆர் எத்தனை என்று கேட்டேன். நிறங்களைப் பற்றிப் பதில் சொன்னார். மறுபடி கேட்டேன், உத்தரவாதத்தைப் பற்றிச் சொன்னார். பெட்டியின் அடியில் கிடந்த அச்சுத் தாளை எடுத்துப் பார்த்ததில், இரண்டுக்கு மேல் மூன்றுக்குள் என்று பொடி எழுத்தில் கண்டிருந்தது. 1893ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி மைனஸ் 50 பாகையைக் கண்ட ஊர் இது. இரவெல்லாம் காரின் எஞ்சினுக்கு மின்சாரத்தால் சூடு காட்டாவிட்டால் காலையில் அது கிளம்ப மறுக்கும் ஊர். இங்கே இரண்டரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காபி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

தகடுகளையும் அவற்றின் கீழிருந்த தார்க் காகிதத்தையும் தச்சர் கிழித்தெடுத்த அன்று தாங்கள் இங்கிருந்திருக்க வேண்டும். 1950களில் கட்டிய இவ்வீட்டுச் சுவரில் செங்கல் என்ற வஸ்துவே இல்லை. உட்புறம் ஒரு பூச்சு, வெளிப்புறம் ஒரு வரிசைப் பலகை, இரண்டுக்கும் நடுவே 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்கள், இவ்வளவே சுவர். சட்டத்தின் ஆழம் பெயருக்கு நாலங்குலம், அளந்தால் மூன்றரைக்குச் சற்று மேல். சட்டங்களின் நடுவிலுள்ள பொந்துகளில் இழைப்புளியிலிருந்து விழுந்த மரச்சீவலைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். தச்சர் ஒரு பலகையைப் பெயர்த்துக் கையை விட்டதும் பொலபொலவென்று அவர் பூட்ஸின் மேல் சரிந்தது. அத்தனை வருஷத்தில் சீவல் அமுங்கி இறங்கிவிட்டபடியால் ஒவ்வொரு பொந்திலும் மேற்புறம் ஒரு முழம் வெறும் காற்று. படுக்கையறையில் தலைமாட்டுப் பக்கம் மட்டும் குளிர் ஏன் அதிகம் என்ற நெடுநாள் சம்சயம் அன்றைக்குத் தீர்ந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய சங்கடம் அந்த மரச்சட்டங்களே. சட்டங்களும் அவற்றின் மேலும் கீழும் ஓடும் குறுக்குக் கட்டைகளும் ஜன்னலைச் சுற்றிய மரங்களுமாகச் சுவர்ப் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு மரம். மரத்தின் ஆர் அங்குலத்துக்கு ஒன்றேகால்தான். ஆகவே பொந்துக்குள் எவ்வளவு உயர்ந்த சரக்கை அடைத்தாலும், சட்டத்தின் வழியாக உஷ்ணம் சாவகாசமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் மட்டும் கம்பளியைத் திணித்துக்கொண்டு, எலும்புகளின் மேல் ஒன்றும் போர்த்தாமல் ஒருவன் மார்கழிக் குளிரில் நடப்பானேயானால் அவனுக்கு என்ன சுகமோ அதுவே இந்த வீட்டுக்கும் வாய்த்த சுகம். உறைபனி படிந்த காலைகளில் தெருவிலிருந்து பார்த்தால், சட்டங்கள் நிற்கும் இடமெல்லாம் பனி உருகிச் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். எங்கள் எரிவாயுப் பில்லின் விவரம் போகிறவர் வருகிறவர் பார்வைக்காகச் சுவரிலேயே வரையப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

வெளியிலிருந்து போர்த்தும் இந்த யோசனை என் சொந்த சிருஷ்டி என்று எண்ணிவிட வேண்டாம். இந்த ஊரிலேயே தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஹரால்ட் ஆர் என்ற எஞ்சினீயர் அதற்கு மூலபுருஷர்களில் ஒருவர். 1977இல் பக்கத்து நகரமான ரெஜைனாவில், மற்ற வீடுகளைப் போல் கணப்பு உலை வைக்காமல், கனத்த காப்புச் சுவர்களையும் இம்மியளவும் காற்றுக் கசியாத கட்டுமானத்தையும் நம்பி ஒரு வீட்டைக் கட்டிய குழுவில் அவர் இருந்தார். பிற்காலத்தில் ஜெர்மனியில் கிளம்பிய பாஸிவ்ஹவுஸ் இயக்கத்தார் 2015இல் அவரை முன்னோடி என்று கௌரவித்தார்கள். ஆனால் எனக்கு அவரிடம் பக்தி உண்டானது 1982இல் சாஸ்கடூனில் அவரும் ராப் டூமான்ட்டும் சேர்ந்து செய்த காரியத்தினால். பழைய வீடொன்றைச் சுற்றிலும் ஓட்டையின்றிப் போர்த்துவதற்குக் கூரையின் இறவாரம் இடைஞ்சலாக இருந்தது. அவ்விருவரும் மோட்டார் ரம்பத்தால் அந்த இறவாரத்தையே அறுத்துத் தள்ளிவிட்டு, சுவரையும் கூரையையும் ஒரே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதன் மேல் காப்பு வைத்து, பிறகு புதிய இறவாரம் கட்டினார்கள். காற்றுக் கசிவு பத்தில் ஒரு பங்காயிற்று. இவ்வரலாற்றைக் கமலாவிடம் நான் உற்சாகமாகச் சொன்ன மாலையிலிருந்து எங்கள் வீட்டு ரம்பத்தைக் காணவில்லை.

தங்களுடைய இரண்டாவது ஆக்ஷேபணை, காப்பை உட்புறத்தில் வைக்கலாகாதா என்பது. வைத்தால் அறைகள் சுருங்கும், அலமாரிகள் பெயரும், அது கிடக்கட்டும். இங்கே உண்மையான பகை குளிர்கூட அல்ல, கமலாவின் ரசம். கொதிக்கும் ரசத்திலும் இட்டிலிக் கொப்பரையிலும் எழும் ஆவி சும்மா இருப்பதில்லை. பிளக் பொருத்திய துவாரம் வழியாகவும் பூச்சின் வெடிப்பு வழியாகவும் சுவருக்குள் புகுந்து, வெளிப்பலகையின் சில்லிட்ட உட்புறத்தில் நீராகிப் பனியாகிப் படிகிறது. பனி உருகும் சித்திரையில் பலகை நனைந்து உளுக்கிறது. வீட்டுக்குள் 21 பாகையும் நூற்றுக்கு 35 பங்கு ஈரப்பதமும் இருந்தால் ஏறக்குறைய 5 பாகைக்குக் கீழான எந்த வஸ்துவின் மேலும் இந்த ஆவி நீராகும் என்பது பௌதிகம். உட்புறம் காப்பு வைத்தால் பலகை இன்னும் சில்லிடும். வெளியே வைத்தால் பலகை வீட்டின் உஷ்ணத்தில் பங்கு பெறும். பழைய சுவருக்கு ஆர் 10 என்றும், அங்குலத்துக்கு 4 வீதம் நாலங்குலத்துக்கு 16 என்றும் கணக்கிட்டால், வெளியே மைனஸ் 30 ஆக இருக்கும் இரவில் பலகை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். சாதாரணமான ஜனவரி நாளில் அந்த 5 பாகையைத் தாண்டியே இருக்கும். அதையும் மீறி நனைந்தால், நாங்கள் அப்பிய சரக்கு ஈரத்தைச் சிறைப்படுத்தாமல் வெளியே விட்டுவிடும்.

அந்தச் சரக்குதான் பாறை. பாறையையும் எஃகு ஆலைக் கசடையும் 1,500 பாகைக்கு மேல் உருக்கி, இழையாக நூற்று, அழுத்திப் பலகையாக்கியிருக்கிறார்கள். தீப்பிடிக்காது, தண்ணீரை ஏந்தாது, எலி விரும்பாது என்கிறார்கள். முதலில் பழைய பலகையின் மேல் காற்று புகாத விரிப்பு ஒன்றை இழுத்து ஒட்டி, அதன்மேல் இந்தப் பாறைப் பலகைகளை நிறுத்தி, அவற்றின்மேல் செங்குத்தாக மரப்பட்டிகளை வைத்து, எட்டங்குலத் திருகாணிகளால் உள்ளேயுள்ள சட்டம் வரை முடுக்கினார்கள். இங்கேதான் தச்சருடைய வித்தை தெரிந்தது. பாறைப் பலகை சற்று மெத்தென்றது. திருகாணியை ஒரு சுற்று கூட முடுக்கினால் பட்டி உள்ளே அமுங்கும், ஒரு சுற்று குறைத்தால் துருத்தும், சுவர் அலை அலையாகிவிடும். ஆகவே அவர் மூலைக்கு மூலை நூல் கட்டி, ஒவ்வொரு பட்டியாக, முடுக்குவதும் தளர்த்துவதும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பதுமாக நூலோடு ஒட்டவைத்தார். நம் ஊர் மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கும் அதே பார்வை. முணுமுணுப்பும் ஏறக்குறைய அதே வார்த்தைகளாகத்தான் இருக்கவேண்டும்.

சுவர் நாலங்குலம் முன்னால் வந்துவிட்டதும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த சகல ஜீவராசிகளும் முன்னால் வரவேண்டியதாயிற்று. ஜன்னல்களைச் சுற்றிப் புதிய மரச்சட்டம் கட்டி, அதன் அடிக்கட்டையில் தண்ணீர் வெளியே வழியும்படி தகடு வளைத்து, மூலைகளை ஒட்டி, இதற்கே மற்ற வேலை அத்தனைக்கும் ஆன காலம் ஆயிற்று. என் அபிப்பிராயத்தில் இந்த வேலையின் ஜயாபஜயம் முழுவதும் ஜன்னல் மூலைகளில்தான் இருக்கிறது. தோட்டத்துக் குழாய், வாசல் விளக்கு, அழைப்பு மணி எல்லாம் எளிதில் இணங்கின. எரிவாயு மீட்டர் மட்டும் தனக்குரிய அதிகாரி வந்தாலொழிய அசையமாட்டேன் என்று இருந்தது. அவர் வரும்வரை அதைச் சுற்றி ஒரு ஜன்னலளவு சுவர் அம்மணமாக நின்றது. அதற்குப் பிறகே மேலே சிமெண்ட் நார்ப்பலகை ஏறியது. அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கமலாவும் பக்கத்து வீட்டு அம்மாளும் நடத்திய ஆலோசனைகளை எழுதுவதானால் தனிக் கடிதம் வேண்டும்.

செலவு மீளுமா என்று கேட்கிறீர்கள். எரிவாயு மலிவான இம்மாகாணத்தில், காப்புக்குப் போட்ட பணம் பில்லில் திரும்பி வருவதற்குப் பல வருஷங்கள் ஆகும் என்பதைத் தச்சரே ஒளிக்காமல் சொன்னார். ஆனால் பழைய தகட்டை உரிப்பதும், குப்பையை ஏற்றுவதும், சாரம் கட்டுவதும், புதிய பலகை அடிப்பதும் எப்படியும் செய்தாகவேண்டிய வேலைகள். மேலதிகமாகப் போனது பாறைக்கும் திருகாணிக்கும் ஜன்னல் வேலைக்குமான கூலிதான். இன்றைக்கு விட்டுவிட்டு ஐந்து வருஷம் கழித்து ஞானோதயமானால் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து கொடுக்கவேண்டும். தவிரவும், தாங்கள் வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டபோது அது எத்தனை வருஷத்தில் பணத்தைத் திருப்பித் தரும் என்று யாராவது கேட்டார்களா?

பலன் இப்போதே தெரிகிறது. பூஜை அலமாரி வடக்குச் சுவரை ஒட்டியது. காற்றடிக்கும் நாட்களில், ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தும், விளக்கின் சுடர் தெற்கே சாய்ந்து துடிக்கும். வேலைக்கு முன்பு வந்த பரிசோதகர், வாசலில் துணிக்கதவு ஒன்றை மாட்டி, அதில் விசிறியைச் சுழலவிட்டு, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் கசிவை அளந்து, புகைக்குழலோடு அறை அறையாகத் திரிந்து அதே அலமாரியில் வந்து நின்றார். கமலா அவரிடம், இதை விளக்கேற்றும்போதெல்லாம் தான் சொல்லிவந்ததாகவும் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை என்றும் தெரிவித்தாள். இப்போது சுடர் நேராக எரிகிறது. வேலை முடிந்து மறுபடி அளந்தபோது கசிவும் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இத்தனை செலவு செய்து ஓட்டைகளை அடைத்தபின், பரிசோதகர் கொடுத்த முதல் ஆலோசனை என்ன தெரியுமா? வீட்டுக்குள் காற்று வருவதற்கு ஒரு யந்திரம் வாங்கவேண்டும் என்பது! வெளியேறும் அழுக்குக் காற்றின் உஷ்ணத்தைப் பிடுங்கி, உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் யந்திரம் அது. ரெஜைனா வீட்டில் 1977லேயே வைத்திருந்தார்கள் என்பதால் மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. அடுத்த வாரம் பொருத்த வருகிறவர், சமையலறையில் எண்ணெய்ப் புகை சுமாராக எவ்வளவு எழும் என்று கேட்டிருக்கிறார். இதற்குக் கமலா சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. நேரில் காட்டிவிடுவதே உசிதம் என்று நாங்கள் கருதுவதால், அக்காள் போட்ட கூழ்வடகம் ஒரு டப்பாவும், இயன்றால் மோர் மிளகாய் கொஞ்சமும், நவம்பரில் அங்கிருந்து புறப்படும் நண்பர் கையில் தவறாமல் கொடுத்தனுப்ப வேண்டியது.

மற்றவை தங்கள் பதில் கண்டு.

தங்கள் அன்புள்ள,
சுந்தரம்