ஐ.என்.எஸ். 339-க்கு நடுங்கும் ஊர்

ஆம்பூர்ப் பக்கக் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றில் போய் விஷம் எதுவென்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: சீஸ். பிள்ளைகள் பிரெட்டுக்கு நடுவில் வைத்துத் தின்கிற அந்த மஞ்சள் சதுரம். பாக்கெட்டின் முதுகைப் படமெடுத்து, 331, 339, 452, 200, 234 என்ற உணவுச் சேர்க்கை (ஐ.என்.எஸ்.) எண்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "பிளாஸ்டிக்கே தேவலை" என்று ஒரு சித்தப்பா அனுப்புவார். முப்பது கும்பிடு எமோஜி விழும்.

சித்தப்பாவின் அக்கறைக்கு மரியாதை கொடுத்து எண்களை விசாரித்துவிடுவோம். 331 சோடியம் சிட்ரேட். 339-உம் 452-உம் பாஸ்பேட் உப்புகள். 1911-இல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் சிட்ரேட் சேர்த்துச் சீஸை உருக்கினார்கள். கொழுப்பு தனியே பிரியாமல் வழவழவென்று நின்றது. பால் புரதத்தோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தை இந்த உப்புகள் இழுத்துக்கொள்ளும். தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூனியம். 200 சோர்பிக் அமிலம், பூஞ்சை பிடிக்காமலிருக்க. 234 நைசின், பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா சுரப்பது. எல்லாவற்றுக்கும் சட்டத்தில் அளவுண்டு.

அதற்காகச் சீஸ் அமிர்தமும் அல்ல. புரதமும் கால்சியமும் தரும். கூடவே உப்பை வாரிக் கொட்டும். 20 கிராம் ஸ்லைஸ் ஒன்றில் ஏறக்குறையக் கால் கிராம் சோடியம். பெரியவர்களே நாளுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட், பருப்பில் இயல்பாக இருப்பதைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறும். பழுதான கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. கிட்னி நோயாளி சீஸிலிருந்து விலகியே இருக்கட்டும். 1971-இல் நாட்டின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை நடந்த சிஎம்சி மருத்துவமனை வேலூரில்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. சித்தப்பாவுக்கு வட்டம் போட எண் கிடைத்தது, பாக்கெட்டில் அச்சடித்திருந்ததால். அதே கைபேசியால் தன் வீட்டுக் கிணற்றைப் படமெடுக்கட்டும். எங்கே வட்டம் போடுவார்?

பட்டியல் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றமே கொடுத்திருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பைப் பிரித்தால் குரோம் தோல் பதனிட 170 வகை ரசாயனம், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், டேனரிப் பகுதியில் முழுதாகவோ பாதியாகவோ பாழான விளைநிலம் 35,000 ஹெக்டேர் என்று எழுதியிருக்கிறது. பாக்கெட்டில் ஐந்து, பாலாற்றில் நூற்றெழுபது. ஐந்துக்கு நடுங்குகிறோம்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆற்றுக்கும் லேபிள் ஒட்டினால் இப்படி இருக்கும்:

பாலாறு. பரிமாறும் அளவு: ஆயுள் முழுக்க. சேர்மானங்கள்: தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு, மயிர் களையும் சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம் சல்பேட், சாயம். குடிநீரில் குரோமியம் உச்ச அளவு: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், காகிதத்தில் மட்டும். கெடாமல் காக்கும் பொருள்: வாய்தா. காலாவதித் தேதி: குடிப்பவருடையது.

அந்த வாய்தாவின் வீரியத்தைப் பாருங்கள். 1996-இல் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். 2001-இல் இழப்பைக் கணக்கிட்ட ஆணையம் ஏறக்குறைய 29 ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 27 கோடி என்றது. வகுத்தால் தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம். நிலம், கிணறு, தென்னை எல்லாம் சேர்த்து! 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், இன்னும் வாங்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்றது. கண்காணிக்க ஒரு கமிட்டியும் போடச் சொன்னது. இதற்கிடையே, 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக வெட்டி ஆற்றுக்கு மூன்று கலெக்டர்களைக் கொடுத்திருக்கிறோம். கோப்பு சுற்றிவர இடம் தாராளம்.

கோப்பு இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதே, 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி அமலுக்கு வந்தது: உடம்பைத் தொடும் தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது. எட்டினால் அங்கே விற்க முடியாது. இந்த விதியை நம் ஊர் ஏற்றுமதியாளர் யாரும் வாய்தா வாங்கித் தள்ளிப்போடவில்லை. ஆய்வகம் வந்தது, சான்றிதழ் வந்தது, சோதனை வந்தது. முடியாது, கட்டுப்படியாகாது என்று கோர்ட்டில் அழுத வாய்கள், ஐரோப்பியப் பாதத்துக்காக மூச்சுவிடாமல் முடித்துக் காட்டின. ஆம்பூர்க்காரன் தொண்டையைவிட அந்த ஊர்க் குதிகால் உசத்தி.

சீஸ் வேண்டாமென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். கிணற்றை எங்கே வைத்துவிட்டுப் போவது? காசிருப்பவன் கேன் தண்ணீர் வாங்குகிறான். தன் ஊர்த் தண்ணீரைக் கெடுக்கவிட்டு, அடுத்த ஊர்த் தண்ணீரை விலைக்கு வாங்கும் நாகரிகம்.

கேட்பது பெரிதில்லை. கைப்பம்புக்கு ஒரு பலகை: என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு, கலந்தது யார். சித்தப்பா இதையும் குழுவில் அனுப்பலாமே? அனுப்பமாட்டார். அவருக்குச் சம்பளம் ஷூ கம்பெனியில். குழுவில் சூப்பர்வைசரும் இருக்கிறார். ரசாயனத்துக்கா பயப்படுகிறோம்? சீஸ் கம்பெனி நம்மை வேலையைவிட்டுத் தூக்காது, அதனால் அதன்மேல் வீரம் காட்டுகிறோம்.