நகைப்பெட்டியில் ஒரு ரிவால்வர்

2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு நாடே கொதித்தது. பதினான்கு மாதம் ஆவதற்குள், 2014 ஜனவரியில், கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை தன் பங்குக்கு 'நிர்பீக்' என்றொரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. பெண்களுக்கென்றே செய்தது, .32 குழல், எடை சுமார் அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும். விலை அப்போது சுமார் 1,22,000 ரூபாய். வைத்துக் கொடுத்தது மெரூன் நிற நகைப்பெட்டியில்! செய்கூலி, சேதாரம் மட்டும்தான் பாக்கி. பேருந்துக்குக் காத்து நிற்கிற பெண் இவ்வளவு பணத்தைப் புரட்டிவிட்டாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் காவல்துறை விசாரணை உண்டு. அதுவரை அக்கிரமக்காரன் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

"கையில் இருந்தால் ஒரு தைரியம்தானே?" என்பார்கள். தைரியம் சரி, பூட்டிய பைக்குள், சீப்புக்கும் சில்லறைக்கும் அடியில் கிடப்பதை எடுக்க அவகாசம் வேண்டாமா? பிடுங்கிக்கொண்டால் அது யார் கையில் இருக்கும்? சிறிதாக, லேசாக இருப்பதே பெண்ணுக்கு வசதி என்பதும் கடைக்காரர் கணக்குதான். ஒரே தோட்டாவுக்கு, துப்பாக்கி லேசாக ஆக ஆகக் கையில் உதைப்பு கூடும். குழல் குட்டையானால் குறிபார்ப்பதும் சிரமம். எல்லாவற்றையும்விட, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவர்தான்: உறவினர், அண்டை வீட்டார், நண்பர். வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்குக் காபி கொடுக்கும்போது எந்தப் பெண் இடுப்பில் ரிவால்வர் செருகியிருப்பாள்? அந்த 1,22,000 ரூபாயில் இருட்டுத் தெருவில் சில விளக்குகளாவது எரிந்திருக்கும்.